கண்டி ராசான்ட கதிரையைப் பார்க்கப் போனோம்

"இது எந்த ராசான்ட மாளிகை, அம்மப்பா?"

கேற்றைத் தாண்டிப் புல்வெளிக்கு வந்ததும் பேத்தி கேட்ட முதல் கேள்வி இது. அவளைக் குறை சொல்ல முடியாது. கறுவாத்தோட்டத்துப் பக்கம் போய்வருகிறவர்களுக்குத் தெரியும், கொழும்பு தேசிய நூதனசாலை தூரத்தில் நின்று பார்த்தால் அரண்மனையேதான். வெள்ளை வெளேரென்று இரண்டு தட்டு, வரிசையாக வளைவுகள், முன்னால் கிளை விரித்த ஆலமரம், நடுவில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் சிலை.

"ஒரு ராசாவும் இங்க இருக்கேல்லை பிள்ளை."

"அப்ப ஆர் இருந்தது?"

"ஒருத்தரும் இல்லை. சாமான்தான் இருந்தது."

அவள் முகம் சுருங்கிவிட்டது. மாளிகை என்றால் கட்டில் இருக்க வேண்டும், ராணி குளிக்கிற இடம் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். நாங்கள் வந்த காரணம் வேறு.

எனக்குச் செட்டியார் தெருவில் ஒரு சின்ன நகைப் பட்டறை. நாற்பது வருடமாக அங்கேதான் குந்தியிருக்கிறேன். வீடு கொட்டாஞ்சேனை. பட்டறையில் பதுளைப் பக்கத்துப் பெடியன் ஒருவன் வேலை பழகுகிறான். கையில் நல்ல நிதானம், வாயில் ஓயாத கேள்வி. போன மாதம் ஒரு கோயிலிலிருந்து மர வாகனத்துக்கு வெள்ளித் தகடு போர்த்துகிற வேலை வந்தது. தகட்டை வெட்டி மரத்தில் வைத்து ஆணி அடித்தால் போதும் என்று அவன் நினைத்துவிட்டான். மடிப்பு எங்கே விழ வேண்டும், ஆணி எங்கே ஒளிய வேண்டும், மரம் ஊதினால் தகடு என்ன ஆகும் என்று நான் வாயால் எவ்வளவு சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. ஒரு நாள் எரிச்சலில், "ஞாயிற்றுக்கிழமை வா, மரத்தில தங்கம் போர்த்தினதை உனக்குக் காட்டுறன். முந்நூறு வருசமாகியும் நிக்குது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மாற முடியுமா? பேத்தியும் ஒட்டிக்கொண்டாள்.

கோட்டை புகையிரத நிலையத்தடியில் 138 பஸ் எடுத்தால் நூதனசாலைக்குக் கிட்டப் போய் இறங்கலாம். த்ரீவீல்காரன் ஒருவன் கேட்ட காசுக்கு அரைக் குண்டுமணித் தங்கம் வாங்கலாம் போல இருந்தது, விட்டுவிட்டோம். காலை ஒன்பதுக்குத் திறந்து பின்னேரம் ஐந்துக்கு மூடுகிறார்கள். எங்களைப்போல ஒன்பதுக்கே போய் நில்லுங்கள். பத்தரைக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பஸ்கள் வரத் தொடங்கினால் கண்ணாடிப் பெட்டிகளுக்குக் கிட்டப் போக முடியாது. உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை, சிறுவர்களுக்கு வேறு. லண்டன், கனடாச் சொந்தங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் நின்று "நானும் யாழ்ப்பாணம்தான்" என்று கதை அளந்து பிரயோசனமில்லை.

வெளியில் ஒருவர், வழிகாட்டியாம், எங்களைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருக்கிற சிம்மாசனம் முழுத் தங்கம், பத்துப் பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது என்று பெடியனுக்குச் சொன்னார். பெடியன் என்னைப் பார்த்தான். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தள்ளி வந்த பிறகு பெடியனிடம் மட்டும் சொன்னேன்: ஒரு லீற்றர்ப் போத்தல் தண்ணீர் ஒரு கிலோ. அதே போத்தல் நிறையத் தங்கம் என்றால் 19 கிலோவுக்கு மேல். ஒரு கதிரை முழுக்கத் தங்கத்தில் வார்த்தால் அதைக் கண்டி மலையிலிருந்து இறக்கிக் கப்பலேற்றியவன் முதுகு என்னவாகியிருக்கும்? யோசித்துப் பார்.

வாசல் மண்டபத்திலேயே ஒரு பெரிய புத்தர் இருக்கிறார். அநுராதபுரத்துத் தொளுவிலவில் கிடைத்த கற்சிலை, தியானத்தில் அமர்ந்த கோலம். கொழும்பின் இரைச்சலிலிருந்து உள்ளே வருகிற யாரும் அதன் முன்னால் தானாகவே குரலைத் தாழ்த்துவார்கள். என் பேத்திகூட ஒரு நிமிடம் வாயை மூடினாள், அதுவே ஒரு சாதனை. மற்றக் கூடங்களைப் பிறகு பார்க்கலாம் என்று நேரே கண்டிக் காலத்துக் கூடத்துக்குப் போனோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கால்கள் களைத்த பிறகு கதிரையைப் பார்த்தால், அதில் ஏறி இருக்கத்தான் மனம் வரும்.

சரி, கதிரை.

கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். கிட்டப் போகும்வரை பளபளப்பு மட்டும்தான் தெரியும். கிட்டப் போனால்தான் வேலை தெரியும். முதுகுச் சாய்வு ஏறக்குறைய ஐந்து அடி உயரம், அகலம் மூன்று அடி. சட்டம் மரம். மேலே மெல்லிய தங்கத் தகடு போர்த்தியிருக்கிறது. கைகள் இரண்டும் சிங்கங்கள். ஆனால் வழக்கமான சிங்கங்கள் மாதிரி நேரே முன்னால் பார்க்கவில்லை, தலையை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. ராசாவோடு பேச வருகிறவனை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவனை முறைக்கிற மாதிரி. முகத்தில் அழகு என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கோணல்தான். ஆனால் பிடரி மயிர் ஒவ்வொன்றிலும் சின்ன உளியின் பொறுமை தெரிகிறது. சாய்வின் மேற்புறத்தில் ஒரு பெரிய பொற்சூரியன். கண்டி மன்னர்கள் தங்களைச் சூரிய குலம் என்று சொல்லிக்கொண்டவர்கள். கீழே சூரியகாந்திப் பூக்கள், இரண்டு பக்கமும் இருந்த கோலத்தில் இரண்டு பெண் உருவங்கள், ஓரமெல்லாம் பளிங்குக்கல் வைத்த கரை. இருக்கை சிவப்பு வெல்வெட். கால் வைக்க ஒரு பலகையும் இருக்கிறது, அதிலும் பூவும் கல்லும்.

கல்லைப் பற்றி ஒரு நகைக்காரன் சொல்லாமல் போக முடியாது. சிங்கங்களின் கண்கள் ஊதாக் கற்கள். செவ்வந்திக்கல். நடுவில் பூக்களுக்கிடையில் இருப்பதும் அதே கல், பெரியது. சுற்றிவர மின்னுகிறதெல்லாம் பளிங்கு, அதாவது வெறும் ஸ்படிகம். இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரத்தினபுரி இருக்கிற நாட்டு ராசாவுக்கு, நீலமும் பதுமராகமும் ஆற்று மணலில் அள்ளுகிற நாட்டு ராசாவுக்கு, செவ்வந்திக்கல்லும் ஸ்படிகமும் வைத்துக் கதிரை! இதை ராசா தன் காசில் செய்விக்கவில்லை. 1690களின் தொடக்கத்தில், கரையோரத்தைப் பிடித்து வைத்திருந்த ஒல்லாந்தர், இரண்டாம் விமலதர்மசூரியன் என்ற கண்டி மன்னனுக்குக் கொடுத்த பரிசு இது. ஒல்லாந்தருக்குக் கறுவாப்பட்டை வேண்டும், கறுவா மலைநாட்டு ராசாவின் காட்டில் இருக்கிறது. பரிசு கொடுக்கிறவன் எங்கே பெரிய செலவு, எங்கே சின்னச் செலவு என்று கணக்குப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறான். தூரத்திலிருந்து பார்க்கிற சனத்துக்கு ஊதாவும் வெள்ளையும் தங்கத்தில் எடுப்பாகத் தெரியும், விலையோ கைக்கடக்கம். நாங்களும் கல்யாண வீட்டுக்கு அப்படித்தான் நகை செய்து கொடுக்கிறோம், அதனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சட்டைப் பையில் லூப், நகை பார்க்கிற பூதக்கண்ணாடி, இருந்தது. பழக்கதோஷத்தில் எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் மூக்கை முட்டினேன். லூப்புக்கு ஒரு அங்குலத்துக்குள் சாமான் இருக்க வேண்டும், மூன்று அடிக்கு அப்பால் இருக்கிற தங்கத்தை அது எப்படிக் காட்டும்? புகைதான் தெரிந்தது. காவலுக்கு நின்ற இளைஞர் வந்து, கண்ணாடியில் சாய வேண்டாம் மாத்தயா என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். நான் ரன்கருவா, அதாவது பொன் வேலைக்காரன், அதனால்தான் பார்த்தேன் என்று சொல்லி லூப்பைக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் கல்யாண மோதிரத்தை நீட்டி, "இருபத்திரண்டுதானே?" என்றார். கடைக்காரன் இருபத்திரண்டு என்றுதான் கொடுத்தானாம், மச்சான்காரன் இல்லை என்கிறானாம். உரைகல் இல்லாமல் எப்படிச் சொல்வது? நிறத்தைப் பார்த்தால் பரவாயில்லை என்றேன். அந்த ஒரு சொல்லில் அவர் வீட்டில் ஒரு சண்டையாவது தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு பெடியனுக்குப் பாடம் நடந்தது. சிங்கத்தின் தோள் வளைகிற இடத்தைக் காட்டினேன். தட்டையான தகடு அப்படி உருண்டையாக வளைந்தால் எங்கோ ஓரிடத்தில் சுருங்கித்தான் ஆக வேண்டும். அந்தச் சுருக்கம் எங்கே? அவன் ஐந்து நிமிடம் தேடினான். இல்லை. தகட்டைச் சுடவைத்து இளக்கி, பின்னாலிருந்து தட்டி, திரும்ப இளக்கி, திரும்பத் தட்டி, சுருக்கத்தைப் பரவவிட்டிருக்கிறார்கள். மிஞ்சியதைப் பிடரி மயிராக்கிவிட்டார்கள். "பிழையை அலங்காரமாக்கிறது எண்டு நான் சொல்றது இதைத்தானடா." பெடியன் தலையாட்டவில்லை, இன்னும் பார்த்துக்கொண்டு நின்றான். அது எனக்குப் போதும். நானும் ஆணித் தலை ஒன்றாவது அகப்படுமா என்று கண்ணால் மேய்ந்தேன். நின்ற இடத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

பக்கத்தில் கிரீடமும் இருக்கிறது. பேத்திக்கு அதுதான் பிடித்தது. எனக்கு அது கதிரை அளவுக்கு ஒட்டவில்லை, கடந்து வந்துவிட்டேன்.

இந்தக் கதிரையில் கடைசியாக இருந்தவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்த பெயர் கண்ணுசாமி. பேத்தி அந்தப் பெயரைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தாள், எங்கள் ஒழுங்கையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறவருக்கும் அந்தப் பெயர்தான். கண்டிக்கு மதுரையிலிருந்து பெண் எடுத்து எடுத்து, 1739இல் மன்னனுக்கு வாரிசு இல்லாமற் போனபோது ராணியின் தம்பிக்கே முடி போனது. அப்படி வந்த நாயக்க வம்சத்தில் நான்காவது ஆள் இவர். 1798இல் பட்டத்துக்கு வரும்போது வயது பதினெட்டுத்தான். 1815 பெப்ரவரி 18ஆம் திகதி ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்களிடம் பிடிபட்டார். மார்ச் 2ஆம் திகதி கண்டி அரண்மனையின் சபை மண்டபமான மகுல் மடுவவில் ஒப்பந்தம். அதில் கையொப்பமிட்ட சிங்களப் பிரதானிகளில் சிலர் தமிழெழுத்தில் கையொப்பம் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பிறகு ராசா ஒரு திசை, சாமான் ஒரு திசை. ராசாவை 1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பலேற்றி, சென்னை வழியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். 1832இல் அங்கேயே முடிந்தார். பாலாற்றங்கரைப் பக்கம் அவருக்கு முத்து மண்டபம் என்று ஒரு நினைவிடம் இருக்கிறது. கதிரை வின்ட்சர் மாளிகைக்குப் போய், நூறு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தது. அரச குடும்பத்து நகைகளை 1820இல் லண்டனில் ஏலம் போட்டுவிட்டார்கள். ஒரு நகைக்காரனுக்கு இதுதான் நெஞ்சில் முள். கதிரை முழுசாக இருப்பதால் திரும்ப வந்தது. நகை என்றால் யாரோ வாங்குவான், யாரோ கல்லைக் கழற்றுவான், தங்கத்தை உருக்குவான். உருக்கிய தங்கத்துக்கு ஊர் பேர் கிடையாது. தங்கம் உருக்குகிற என் குகையிலேயே எத்தனை பாட்டிமாரின் அட்டியல் போயிருக்கிறது.

கதிரையும் கிரீடமும் 1934இல் திரும்ப வந்தன. குளொஸ்டர் கோமகன், அன்றைய மன்னரின் மகன், நேரில் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தது கண்டியில். ஆனால் இன்று கதிரை இருப்பது கொழும்பில்.

இங்கேதான் பேத்தியின் கேள்வி எனக்குத் திரும்ப வந்தது. உண்மையான அரண்மனை பார்க்க வேண்டுமென்றால் கண்டிக்குத்தான் போக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் பெரஹரா நேரம் நான் போயிருந்தேன். தலதா மாளிகைக்குப் பின்னால், ராணிமார் இருந்த பல்லே வாகலவில் இப்போது ஒரு நூதனசாலை இருக்கிறது. தாழ்ந்த ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம், தடித்த சுவர். எங்கள் ஊர்ப் பழைய நாற்சார் வீட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பார்க்கிறவன் இதுவா அரண்மனை என்பான். ஆனால் அங்கே மனிசர் வாழ்ந்த சூடு இருக்கிறது. கொழும்பில் இருப்பது அரண்மனைத் தோற்றம் உள்ள கட்டடம். ஆனால் சாமானைக் காட்டுவதற்கென்றே கட்டியது. தூண், வளைவு எல்லாம் இத்தாலிப் பாணி. தேசாதிபதி வில்லியம் கிரெகரி கட்டுவித்து 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்தார், வரைந்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர். முன்னால் சிலையாக நிற்பவரும் கிரெகரிதான்.

கட்டியவர் நம்மவர். வாப்பிச்சி மரிக்கார் என்ற கொந்தராத்துக்காரர். நான் தினமும் கடந்து போகிற புறக்கோட்டைப் பழைய நகர மண்டபமும் அவர் கை வேலைதான், கோட்டைப் பழைய தபால் தலைமையகமும் அவரது. அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். திறப்பு விழாவில் தேசாதிபதி, என்ன மரியாதை வேண்டும் கேள் என்றாராம். பட்டமோ காணியோ கேட்பார் என்று எல்லோரும் பார்த்திருக்க, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வையுங்கள் என்றாராம், தன் மக்களின் தொழுகை நாள் என்று. அப்படியே நடந்ததாம். பிறகு கண்டிக் கதிரையை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது, வெள்ளிக்கிழமையும் திறக்க வேண்டுமென்று டி. எஸ். சேனநாயக்க மரிக்காரின் பேரனிடம் போய் அனுமதி கேட்டாராம். இது கதையோ நடந்ததோ, எனக்குப் பிடித்த கதை. அந்தக் காலத்தில் கொந்தராத்துக்காரனுக்குக் கொடுத்த வாக்கு பேரன் காலம்வரை நின்றிருக்கிறது. எனக்குச் சில கடைக்காரர் போன தைப்பொங்கலுக்குத் தருவதாகச் சொன்ன கூலி இன்னும் வரவில்லை.

பொலன்னறுவை வெண்கலங்களுக்கு அரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். சோழர் ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்து ஆண்ட ஊர் அது. அங்கே சிவாலயங்களைத் தோண்டும்போது கிடைத்த நடராசரும், சுந்தரரும் மற்றக் குரவர்களும் இந்த நூதனசாலையின் உண்மையான செல்வம் என்பேன். கதிரையைவிட என்று சொன்னால் பெடியன் கோபிப்பான், பரவாயில்லை. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை ஓடவிட்டு, அந்த வெறுமைக்குள் உலோகத்தை ஊற்றுகிற வேலை. இன்று மோதிரத்துக்குக் காஸ்டிங் என்று மெஷினில் செய்வதும் அடிப்படையில் இதேதான். சுந்தரர் மாப்பிள்ளைக் கோலத்தில், கை மெல்ல உயர்ந்தபடி, எதையோ கண்டு திகைத்து நிற்கிறார். கல்யாணப் பந்தலில் தடுத்தாட்கொள்ளப்பட்டவர் அல்லவா. கழுத்து நகையின் ஒவ்வொரு மணியும் மெழுகிலேயே உருட்டி ஒட்டியது. மண் அச்சை உடைத்தால் உருவம் ஒன்றே ஒன்று, இரண்டாவது கிடையாது. பேத்தி நடராசரின் காலடி முயலகனுக்காகப் பரிதாபப்பட்டாள்.

கற்கள் இருக்கிற கூடத்தில் காலிக் கல்வெட்டைத் தவறவிடாதீர்கள். சீனத்து மாலுமி ஷெங் ஹ 1409 என்று திகதியிட்டுக் கொண்டுவந்த கல். சீனம், தமிழ், பாரசீகம் மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தேவேந்திரமுனைக் கோயில் தெய்வமான தெனவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல், பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். மூன்று பெண்பிள்ளைகள் உள்ள தகப்பன் என் கடைக்கு வந்து, ஒரு மஞ்சாடி கூடக் குறையக் கூடாது, மூன்றுபேருக்கும் ஒரே நிறை என்று நின்று எடை பார்ப்பான், அதே புத்தி. எங்கள் மொழி அந்தக் கல்லில் ஏறியது பாசத்தினால் அல்ல, துறைமுகத்தில் வியாபாரம் நடந்த மொழி என்பதால். பிறகு அந்தக் கல் எப்படியோ காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்து, 1911இல்தான் ஒரு பொறியியலாளர் கண்ணில் பட்டது. தமிழ்ப் பகுதியில் நான் எழுத்துக்கூட்டி இரண்டு மூன்று சொல் பிடித்தேன். பேத்தி "ந" ஒன்றைக் கண்டுபிடித்து அதையே சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். அது "ந"தானா என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

மேல்மாடி வேகமாகப் போனது. அதற்குள் கால் வலி, பேத்திக்குப் பசி. முழுவதையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள், அதே வளவில் இயற்கை வரலாற்று நூதனசாலையும் இருக்கிறது, அதற்கு இன்னொரு நாள். மூக்குக்கண்ணாடி எடுத்துப் போங்கள். நான் லூப்பை எடுத்துக்கொண்டு கண்ணாடியை வீட்டில் விட்டுப் போன மடையன், விளக்கப் பலகைகளைப் பெடியன் வாசிக்க வாசிக்கக் கேட்டேன். தண்ணீர்ப் போத்தலும் அவசியம். வெளியே வந்து ஒரு கடையில் வாங்கிய மீன் ரோல்ஸ் முதல் நாள் சுட்டது, அதைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது.

எத்தனை நட்சத்திரம் என்று மருமகன் கேட்டான். எனக்கு நட்சத்திரக் கணக்குத் தெரியாது. 22 கரட். ஏன் 24 இல்லை என்று கேட்கக் கூடாது, 24இல் நகை செய்தால் வளைந்துவிடும்.

திரும்பும்போது கோட்டையில் இறங்கி இன்னொன்றும் காட்டினேன். ஜனாதிபதி மாவத்தையில், உயர்ந்த கட்டடங்களுக்கிடையில், கூம்பாகக் கூரை வைத்த சின்னஞ்சிறு அறை ஒன்று நிற்கிறது. கண்டி ராசாவை அடைத்து வைத்த சிறை என்று சொல்வார்கள். அப்படியல்ல, அவரைக் கோட்டைக்குள் நல்ல வீட்டில்தான் வைத்திருந்தார்கள், இது பிறகு வந்த காவற்கூண்டு என்று மறுப்பவர்களும் உண்டு. பேத்தி எட்டிப் பார்த்தாள்.

"இது எந்த ராசான்ட மாளிகை?" என்றாள் குறும்பாக.

"கண்ணுசாமிட."

திங்கட்கிழமை காலை பட்டறையைத் திறக்கப் போனால் பெடியன் எனக்கு முதலே வந்து குந்தியிருந்தான். அரக்குக் கட்டையில் ஒரு துண்டு செப்புத் தகட்டை ஒட்டி, தட்டிக்கொண்டிருந்தான். சிங்க முகம். தலை வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. மூக்கு கொஞ்சம் நாய் மாதிரித்தான். ஆனால் கழுத்தில் தகடு சுருங்கிய இடத்தில் பிடரி மயிர் கீறத் தொடங்கியிருந்தான்.

"ஐயா, கண்ணுக்கு ஊதாக் கல்லு ரெண்டு தருவீங்களா?"

"முதல்ல மூக்கைத் திருத்து" என்றேன்.